வழக்கமா, மென்பொருளா?

கொள்முதல், சரக்கிருப்பு, விற்பனை, சம்பளம், வரவு செலவு ஆகிய அனைத்தையும் ஒரே பேரேட்டில் பதிந்து, ஓரிடத்தில் நேர்ந்த மாற்றம் மற்ற இடங்களிலும் அக்கணமே தெரியும்படி செய்கிற மென்பொருள் தொகுப்புகளையே உலகின் பெரும் ஸ்தாபனங்கள் இன்று தங்கள் நிர்வாகத்துக்கு ஆதாரமாகக் கொண்டிருக்கின்றன. ஐபிஎம் கம்பெனியிலிருந்து விலகிய ஐவர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்ஏபியும், 1977-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆரக்கிளும் இத்துறையின் நெடுங்காலப் போட்டியாளர்கள். மைக்ரோசாப்ட் முதலிய வேறு சிலரும் களத்தில் உண்டு. இவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, பல வருஷங்களுக்கு எளிதில் அவிழ்க்க முடியாத பந்தத்தில் பிரவேசிப்பதாகும்.

தேர்வு வழக்கமாக எப்படி நடக்கிறது? ஸ்தாபனத்தின் தேவைகளை நூற்றுக்கணக்கான கேள்விகளாக எழுதி விற்பனையாளர்களுக்கு அனுப்புகிறார்கள். வந்த பதில்களுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். முன்னணியில் நிற்கும் இருவரையோ மூவரையோ அழைத்து மென்பொருளை இயக்கிக் காட்டச் சொல்கிறார்கள். முறை பார்வைக்குச் செம்மையானதுதான். ஆனால் அக்கேள்விகளுக்கு எல்லா விற்பனையாளரும் ஏறக்குறைய ‘முடியும்’ என்றே எழுதுகிறார்கள். தானாகவே அமைந்திருப்பதற்கும், கேட்டால் எழுதிச் சேர்க்கக்கூடியதற்கும் அந்த ஒரே சொல்தான். பிற்காலச் செலவில் பெரும்பகுதியோ அவ்விரண்டின் இடைவெளியில்தான் பிறக்கிறது. ஆகையால் விவேகமுள்ள நிர்வாகி, விற்பனையாளர் தயாரித்து வந்த மாசற்ற கணக்குகளைப் பார்த்துத் திருப்தியடையாமல், பாதி வந்து பாதி திரும்பிய சரக்கு, வரி தகராறில் நிற்கும் பில் என்று தம் ஆபீஸிலேயே மிகச் சிக்கலான நாலைந்து விவகாரங்களைக் கொடுத்து, அன்றாடம் அவ்வேலையைச் செய்கிற குமாஸ்தாக்களின் முன்னிலையில் அவற்றை முடித்துக் காட்டும்படி கேட்பார்.

அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. நம் வழக்கத்தை மென்பொருளுக்காக மாற்றிக்கொள்வோமா, அல்லது மென்பொருளை நம் வழக்கத்துக்காக மாற்றுவோமா? செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம்மவர் கேட்பது நியாயமே. ஆயினும் இத்தொழிலில் செருப்பை வெட்டித் தைப்பதற்கும் எல்லையில்லாத விலை கொடுக்க நேரும் என்பதை ஜெர்மனியின் லிடில் கடைகளுடைய அனுபவம் காட்டுகிறது. அந்த ஸ்தாபனம் 2011-இல் எஸ்ஏபியைத் தழுவி ஒரு புதிய சரக்குக் கணக்கு முறையை உருவாக்கத் தொடங்கிற்று. லிடில் தன் சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது வழக்கம். எஸ்ஏபியின் சில்லறை வியாபாரத் தொகுப்போ விற்கும் விலையை அடிப்படையாகக் கொண்டது. லிடில் தன் வழக்கத்தைக் கைவிட இசையாததால் மென்பொருளையே மாற்ற வேண்டியதாயிற்று என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. ஒரு மாற்றம் வேறு பத்து இடங்களைத் தொடும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அத்தனையையும் மறுபடி சோதிக்க வேண்டும். 2018-இல், சுமார் 50 கோடி யூரோ செலவானதாகச் சொல்லப்படும் நிலையில், லிடில் அம்முயற்சியை நிறுத்திவிட்டுப் பழைய முறைக்கே திரும்பிற்று. வாங்கிய விலையில் மதிப்பிடுவதில் குற்றமில்லை, மென்பொருளையும் பழிப்பதற்கில்லை. கையெழுத்திடுமுன் தீர்க்க வேண்டிய விஷயத்தைத் தீர்க்காமல் விட்டதே நஷ்டத்தின் மூலம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் எஸ்ஏபியை விட்டு ஆரக்கிளுக்கு மாறியபோது, மென்பொருளை உள்ளபடியே ஏற்பதென்றுதான் முதலில் சங்கற்பித்தது; நாளடைவில் அந்த உறுதி தளர்ந்து, பாங்குக் கணக்கை ஒத்துப்பார்க்கும் பகுதி உட்படப் பலவும் திருத்தி எழுதப்பட்டன. 2022 ஏப்ரலில் முறை இயங்கத் தொடங்கியதும் அப்பகுதியே காலை வாரிவிட, வந்த பணம் எந்தக் கணக்கைச் சேர்ந்ததென்று ஊழியர்கள் கையால் தேட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 2 கோடி பவுண்டு என்று மதிப்பிட்ட செலவு 10 கோடியைக் கடந்தது. 2023-இல் அம்மன்றம் நிதி முறிவை அறிவித்ததற்குச் சம ஊதியப் பாக்கியே பிரதான காரணமெனினும், தன் கணக்கைத் தானே நம்ப முடியாத நிலையில் அது அந்தச் சங்கடத்தை எதிர்கொண்டது பெரிய துரதிர்ஷ்டம். பின்னர் அதே மென்பொருளை, திருத்தங்களைக் குறைத்து, மறுபடியும் நிறுவ முடிவு செய்தார்கள்.

அவசரமும் ஒரு சத்துரு. இத்தகைய மென்பொருளை நிறுவ 48 மாதம் வேண்டிய வேலையை 30 மாதத்தில் முடிக்க முயன்ற அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி, 1999-இல் ஹாலோவீன் பண்டிகை விற்பனையின்போது, கிடங்கில் சரக்கிருந்தும் கடைகளுக்கு அனுப்ப இயலாமல் தவித்தது.

எஸ்ஏபியின் பழைய தொகுப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிவதால், அதை நம்பியிருக்கும் கம்பெனிகள் பல இன்று இதே தேர்வின் முன் மறுபடியும் நிற்கின்றன. உரிமத்தின் விலையைப் பேரம் பேசுவதில் காட்டும் சிரத்தையை, பழைய கணக்குகளைத் திருத்திப் புதியதில் ஏற்றும் செலவுக்கும், ஊழியருக்குப் பயிற்சி தரும் காலத்துக்கும், நாளை விலக நேர்ந்தால் தங்கள் விவரங்கள் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்ற ஒப்பந்த ஷரத்துக்கும் அவை காட்ட வேண்டும். மேலதிகாரிகளுக்கு மட்டும் நாற்காலி போடுகிற தேர்வுக் கூட்டங்களில் கிடங்குக் கணக்கருக்கும் ஓர் இடம் வேண்டும்.