முந்திக்கொண்டு தாக்குவது அறமா? 1941 மலாயாவை வைத்து ஒரு விளக்கம்

விவாதக் கட்டுரைப் பயிற்சியில் 'எதிரி தாக்கும் முன் நாம் தாக்கலாமா?' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். சிலர் முள் மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டச் சொல்லும் குறளை எடுத்துக்கொள்வார்கள். சிலர் 'போர் அழிவையே தரும்' என்று தொடங்கி ஹிரோஷிமாவில் முடிப்பார்கள். இரண்டுமே தவறில்லை. ஆனால் வெட்டப்போவது முள் மரம்தான் என்று நமக்கு எப்படித் தெரியும்? கேள்வியே அங்கேதான் இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். "அவன் கையை ஓங்கிட்டான் டீச்சர், அதான் நான் முதல்ல அடிச்சேன்" என்று மாணவன் சொன்னால் அது முந்துதாக்குதல். "அவன் அடுத்த வருஷம் என்னைவிட வளர்ந்துடுவான், அதான் இப்பவே அடிச்சேன்" என்றால் அது தடுப்புப் போர். முதலாவதைக் கேட்டு யோசிக்கிறோம். இரண்டாவதைக் கேட்டால் பிரம்பைத் தேடுவோம். ஆனால் நாடுகள் இரண்டாவதைச் செய்துவிட்டு, முதலாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும்.

இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. 1837 டிசம்பரில் கனடாவிலிருந்து பிரிட்டிஷ் படையினர் நயாகரா ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் நின்ற 'கரோலின்' என்ற கப்பலைக் கொளுத்தினார்கள். கனடாவின் கிளர்ச்சிக்காரர்களுக்கு அது உதவியது, ஆகவே இது தற்காப்பு என்றது பிரிட்டன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் 1841-இல் பதில் எழுதினார்: ஆபத்து அந்தக் கணமே வந்து நிற்க வேண்டும், வேறு வழியோ யோசிக்க நேரமோ இருக்கக்கூடாது, செய்வதும் அளவு மீறக்கூடாது. 1945-இன் ஐ.நா. சாசனம் 51-ஆம் பிரிவில் இன்னும் இறுக்கமாக, ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது. நடக்கப்போவது உறுதியாகத் தெரிந்தால்? அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். 1941 டிசம்பரில் இந்த இரண்டு வகையும் மலாயாவின் வாசலிலேயே எதிரெதிரே நின்றன.

ஜப்பானின் கணக்கை முதலில் பாருங்கள். அது சீனாவில் பல ஆண்டுகளாகப் போர் நடத்திக்கொண்டிருந்தது. 1941-இல் தென் இந்தோசீனாவுக்குள்ளும் படையை அனுப்பியது. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. கையிருப்பு கரைவதற்குள் அடித்தாக வேண்டும் என்று தோக்கியோ முடிவு செய்தது. போர்ப் பிரகடனத்திலும் தற்காப்பு என்றே எழுதினார்கள். ஆனால் ஜப்பானைத் தாக்க அன்று எந்தப் படையும் கப்பல் ஏறியிருக்கவில்லை. இது அப்பட்டமான தடுப்புப் போர். போருக்குப் பின் தோக்கியோ நீதிமன்றமும் தற்காப்பு வாதத்தை ஏற்கவில்லை.

பிரிட்டன் பக்கம்தான் கடினமானது. ஜப்பானியர் தென் தாய்லாந்தில் சிங்கோராவிலும் (இன்றைய சொங்க்லா) பட்டானியிலும் இறங்கி மலாயாவுக்குள் வருவார்கள் என்று பிரிட்டிஷார் சரியாகவே கணித்திருந்தார்கள். அதற்குமுன் தாங்களே எல்லை தாண்டிச் சிங்கோராவைப் பிடிப்பதற்கு 'மாட்டடோர்' என்ற திட்டம் தயாராக இருந்தது. சிக்கல் என்னவென்றால், தாய்லாந்து நடுநிலை நாடு. பிரிட்டனோடு அதற்குப் போர் எதுவும் இல்லை.

டிசம்பர் 5-ஆம் தேதி, ஜப்பானியர் அங்கே இறங்க வருவது தெரிந்தால் லண்டனைக் கேட்காமலே புறப்படலாம் என்ற அதிகாரம் சிங்கப்பூரில் இருந்த தளபதி ராபர்ட் புரூக்-போப்பமுக்குக் கிடைத்தது. மறுநாளே கோத்தா பாருவிலிருந்து பறந்த வேவு விமானம் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டது. பிறகு மோசமான வானிலையில் கப்பல்கள் கண்ணிலிருந்து மறைந்தன. அவை போவது சிங்கோராவுக்கா, பாங்காக்குக்கா? அல்லது பிரிட்டனை முதலில் எல்லை மீற வைக்கும் தந்திரமா? பாங்காக்கில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஜோசையா கிராஸ்பி, ஜப்பான் அடியெடுத்து வைக்கும் முன் நம் படை தாய்லாந்து மண்ணை மிதிக்கக்கூடாது என்று மன்றாடித் தந்தி அடித்தார். தளபதி காத்திருந்தார். 7-ஆம் தேதி மாலை கப்பல்கள் மீண்டும் தென்பட்டபோது, முந்திப் போய்ச் சேர நேரம் இல்லை.

8-ஆம் தேதி நள்ளிரவு கழிந்ததும் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினார்கள். ஹவாயில் குண்டு விழ இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எல்லை தாண்டக் காத்திருந்த 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு, மழையில் அரைகுறையாக இருந்த ஜித்ரா அரணுக்குத் திரும்பி, சில நாளில் உடைந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. பிறகு சயாம் மரண ரயில். தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் உங்கள் மாணவர்களின் குடும்பத்திலேயே இருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'புரூக்-போப்பம் தயங்கினார், நாடு போனது' என்று எழுதுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 6-ஆம் தேதி அவருக்கு நேரம் இருந்தது, உறுதி இல்லை. உறுதி வந்தபோது நேரம் போய்விட்டது. வெப்ஸ்டரின் அளவுகோலைக் கண்டிப்பாகப் பிடித்தால் இந்த இக்கட்டு வரத்தான் செய்யும். தளர்த்தினாலோ 2003 ஈராக் போல ஆகும். பேரழிவு ஆயுதம் இருக்கிறது, காத்திருக்க முடியாது என்று புகுந்தார்கள். சொன்ன ஆயுதக் குவியல் கிடைக்கவே இல்லை. இரண்டு தவறுக்கும் விலை உண்டு. ஒன்றை மட்டும் சொல்லும் கட்டுரைக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். 'மாட்டடோர் நடந்திருந்தால் மலாயா தப்பித்திருக்கும்' என்றும் எழுதவேண்டாம். அன்றைய படைபலத்தையும் விமான பலத்தையும் பார்த்தால் அப்படிச் சொல்ல இடமில்லை.

வகுப்பில் நடத்தும்போது மாணவர்களை டிசம்பர் 6 மாலையில் நிறுத்துங்கள். 8-ஆம் தேதி நடந்ததை அவர்கள் மறந்துவிட வேண்டும். ஒரு குழு தளபதி, ஒரு குழு தூதர் கிராஸ்பி, மூன்றாவது குழு எல்லைக்கு அப்பால் வாழும் தாய்லாந்து மக்கள். இந்த மூன்றாவது குழுவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 8-ஆம் தேதி பிற்பகல் பிரிட்டிஷ் தரப்பின் ஒரு சிறு படை தாமதமாக எல்லை தாண்டிப் பெத்தோங் சாலையில் நுழைந்தபோது, அதை முதலில் சுட்டுத் தடுத்தவர்கள் தாய்லாந்துக் காவலர்கள்.