சால்டரிங் மேஜைக்கு ஒரு செய்முறைத் தாள்

உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் உள்ள பெரும்பாலான பாகங்களைப் பொருத்துவது மெஷின்தான். ஆனால் ஸ்டெபிலைசர், யுபிஎஸ், சார்ஜர் போன்றவற்றின் போர்டுகளில் கையால் பாகங்களைச் செருகி சால்டர் செய்யும் வேலை இன்றும் உண்டு. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இப்படிப்பட்ட சிறு யூனிட்களைப் பார்க்கலாம். அதில் ஒன்றுக்கு ஸ்டாக் சாப்ட்வேர் எழுதப் போன நான், அவர்களுடைய 'ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன்' தாள்களையும் கம்ப்யூட்டரில் தயாரித்துக் கொடுத்தேன்.

பழைய தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: "சி7 கெப்பாசிட்டரை போலாரிட்டி பார்த்துப் பொருத்தவும்." ஆவடியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் ஒரு டிரே முழுவதும் அதைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார். சாதாரண எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டரில் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். டாண்டலம் கெப்பாசிட்டரில் கோடு இருக்கும் பக்கம் பிளஸ்! அவர் முன்பு வேலை கற்றது டாண்டலத்தில். போலாரிட்டி பார்த்துத்தான் பொருத்தினார். ரிஜிஸ்டரில் தவறு அவர் பெயரில் ஏறியது. தவறு தாளில் இருந்தது என்பேன் நான்.

புதிய தாளில் அந்த வரி, "வெள்ளைக் கோடு உங்கள் பக்கம் இருக்க வேண்டும்" என்று மாறியது. பக்கத்தில் போட்டோ. போட்டோவை வேலை செய்பவர் உட்காரும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் இடம் வலமாகிவிடும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் அங்கே இருப்பதால் எழுத்தைவிடப் படமே அதிகம் பேசுகிறது. எலக்ட்ரானிக்ஸ் உலகம் முழுவதும் பயன்படும் ஐபிசி-ஏ-610 என்ற தரவிதியும் ஏற்கத்தக்க சால்டர் எது, குறையுள்ளது எது என்பதைப் படங்களாகவே காட்டுகிறது.

ரெசிஸ்டருக்கு '4.7 கே' என்று மட்டும் எழுதாதீர்கள். "மஞ்சள், ஊதா, சிவப்பு" என்று எழுதுங்கள். மூன்றாவது கோடு ஆரஞ்சு ஆனால் அது 47 கே, பத்து மடங்கு! வரிசையும் முக்கியம். உயரம் குறைந்த ரெசிஸ்டர், டயோடு முதலில். உயரமான கெப்பாசிட்டர், டிரான்ஸ்பார்மர் கடைசியில். போர்டைக் கவிழ்த்து சால்டர் செய்யும்போது குட்டையான பாகங்கள் மேஜையில் படிந்து நிற்கும், நழுவாது. இந்தக் காரணத்தையும் தாளில் ஒரு வரியில் போட்டுவிட்டால் யாரும் குறுக்கு வழி தேட மாட்டார்கள்.

எந்த சால்டர் கம்பி என்பதும் தாளில் வேண்டும். 63/37 ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத எஸ்ஏசி305 உருக சுமார் 217 டிகிரி தேவை. ஐரோப்பிய யூனியனில் 2006 ஜூலை 1 முதல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு உள்ளதால், ஏற்றுமதி போர்டுகளில் இரண்டும் கலந்துவிடக்கூடாது.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த சாப்ட்வேர் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் போதும். ஒரு ஸ்லைடுக்கு ஒரே ஒரு வேலை. இன்சர்ட் மெனுவில் இமேஜ் தேர்ந்தெடுத்து, மொபைலில் எடுத்த போட்டோவை வைத்திடுங்கள். மேலே ஒரு சிவப்பு அம்புக்குறி. தமிழை யூனிகோடில் டைப் செய்திடவும். இல்லையெனில் அடுத்த கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால் கட்டம் கட்டமாகவோ, புரியாத எழுத்தாகவோ தெரியலாம்.

பிறகு அந்த போர்டைப் பார்த்தேயிராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். (இதுதான் கஷ்டம்!) அவர் கை எங்கே தயங்குகிறதோ அந்த ஸ்லைடைத் திருத்துங்கள்.

ஒவ்வொரு முறை திருத்தும்போதும் மூலையில் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு பைலை சேவ் செய்திடுங்கள். அந்த யூனிட்டில் சூப்பர்வைசர், பழைய தாள்களை எண்ணி வாங்கிக் கிழித்த பிறகே புதியதைக் கொடுக்கிறார்.