கண்காட்சி நாம்பனை மதிப்பிடும் முறை

அமெரிக்காவின் 4-எச் இளைஞர் கழகங்களில் சிறுவர்கள் தாமே வளர்த்த நலமடித்த நாம்பன்களைக் கண்காட்சிக்குக் கொணர்ந்து, தீனிக் கணக்கையும் காட்டுவர். படுவான்கரைக் கமக்காரரின் பிள்ளைகளும் இம்முறையைப் பயிலலாம்.

முதலில் பல்லைப் பார்க்க. நிலைப்பல் இரண்டாயின் வயது ஏறக்குறைய 2 முதல் 2½ ஆகும். பக்கத்தில் நின்று முதுகின் நேர்மையையும், பின்னின்று தொடையின் நிறைவையும் நோக்குக. நடத்திப் பார்த்து நொண்டலை அறிக.

மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்குக. அத்தொகையை 10,840 ஆல் வகுத்தால், எடை ஏறக்குறையக் கிலோகிராமில் கிடைக்கும்.

கால்வாய் நோய் பரவுங் காலத்தில் மாட்டைக் கண்காட்சிக்குக் கொண்டு செல்லலாகாது. தொற்றிய நோய் வெளிப்பட 14 நாள் வரை செல்லலாம். ஆதலால் திரும்பிய நாம்பனை அந்நாள்வரை தனியே கட்டுக. தவறின், மயிலத்தமடு மேய்ச்சற்றரையிற் கூடும் பட்டிகளுக்கும் நோய் பரவக்கூடும்.