கணக்கு மட்டும் போதுமா?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். தெருவிலே தேர் நின்றால் தச்சரை அழைக்கலாம், கொல்லரைக் கூப்பிடலாம். விண்ணிலே நின்றால் யாரை அழைப்பது?

2007 இல் அமெரிக்காவின் நாசா ஏவிய 'டான்' விண்கலத்தைப் பாருங்கள். சுமந்து சென்றது 425 கிலோ செனான் வாயு. மூன்று அயனி உந்துபொறிகள். ஒவ்வொன்றும் இரு அச்சுகளில் திரும்பும் தாங்கியின்மீது. ஏன் திரும்ப வேண்டும்? வாயு தீரத் தீரக் கலத்தின் எடைமையம் இடம்பெயரும். தள்ளும் விசை அந்த மையத்தின் வழியே செல்லாவிட்டால் கலமே சுழலத் தொடங்கிவிடும்! ஆகவே உந்துபொறியின் முகத்தைச் சிறுகச் சிறுகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை சிறிது, சோதனை பெரிது. காற்றற்ற வெளியில் சாதாரண எண்ணெய் ஆவியாகிவிடும். ஆகவே இத்தகைய அமைப்புகளின் பேரிங்குகளில் மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர்மசகை மெல்லிய படலமாகப் பூசுவதுண்டு. ஒவ்வோர் அசைவும் அதைத் தேய்க்கும். முழுச்சுற்றுக்கூடப் பரவாயில்லை, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அசைந்தால், மசகு ஓரத்தில் ஒதுங்கிக் குவியும், பாதை வறண்டுபோகும்.

"தேய்மானத்தைக் கணக்கிட்டுவிட்டோமே! சோதனை எதற்கு? செலவு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நாம் கேட்கிறோம்: கணக்குப் போட்ட காகிதமா விண்ணுக்குப் போகிறது? பேரிங்கு அல்லவா போகிறது!

ஐரோப்பிய விண்வெளித் தரவிதி என்ன சொல்கிறது? விண்ணில் எதிர்பார்க்கும் அசைவுகளில் முதல் 10-க்கு 10 மடங்கு. அடுத்து 1,000 வரை 4 மடங்கு. 1,00,000 வரை 2 மடங்கு. அதற்கு மேல் ஒன்றேகால் மடங்கு. கூட்டிப் பாருங்கள். விண்ணில் 1,000 முறை அசைய வேண்டியது, மண்ணில் 4,060 முறை அசைந்து காட்ட வேண்டும்!

அதுவும் அறைக்காற்றிலா? அல்ல. ஈரக்காற்றில் அந்த மாலிப்டினம் மசகு விரைந்து தேயும். அங்கே கிடைக்கும் விடை பொய்விடை. ஏவுகணையின் அதிர்வுக்கு ஈடான குலுக்கலைத் தாங்கிய பின், காற்று நீக்கிய கலனில், வெப்பத்திலும் குளிரிலும் மாறிமாறி ஓட வேண்டும். ஓடி முடித்ததும் பாராட்டுப் பத்திரமா? இல்லை. பிரித்துப் போட்டு, குண்டு குண்டாகப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் வீண் அச்சமா? அதே டான் கலத்தின் திசைநிலையைக் காத்த நான்கு சுழற்சக்கரங்களில் ஒன்று 2010 இலும் மற்றொன்று 2012 இலும் உராய்வு மிகுந்து முடங்கின. ஆனால் உந்துபொறிகளோ கலத்தை 2011 இல் வெஸ்டாவுக்கும் 2015 இல் சீரிசுக்கும் கொண்டு சேர்த்தன. 2018 இல் கலம் ஓய்ந்தது, ஹைட்ரசீன் எரிபொருள் தீர்ந்ததால்!

கணக்கு வழி காட்டும். சோதனைதான் சாட்சி சொல்லும். மக்கள் பணத்தில் பறக்கும் கலத்துக்குச் சாட்சி இல்லாமல் சான்றிதழ் தரலாமா?