மரபணு உறவுகளைக் கொத்துகளாகப் பிரித்தல்: வம்சாவளி ஆய்வில் அதன் பயனும் எல்லையும்

நஸபு ஆய்வை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் அரபிகள். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் எழுதிய ‘ஜம்ஹரது அன்ஸாபில் அரப்’ அக்கலையின் பெருநூல்களுள் ஒன்று. எனினும் அத்தகைய நூல்கள் பெரிதும் தந்தைவழியையே பின்தொடர்ந்தன. இன்றைய டி.என்.ஏ. சோதனையோ வாப்பா வழி, உம்மா வழி என்ற வேறுபாடின்றி முன்னோர் பலரிடமிருந்தும் வந்த துணுக்குகளை ஒருசேர நம்முன் கொட்டிவிடுகிறது. அவற்றை எவ்வாறு பிரித்தறிவது?

சோதனை செய்துகொண்டவருக்குக் கிடைப்பது ஒரு நீண்ட பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயரின் எதிரிலும், இருவருக்கும் பொதுவான மரபுக்கூற்றின் அளவு சென்டிமார்கன் என்னும் அலகில் தரப்பட்டிருக்கும். ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் இருவரிடையே அது சராசரியாக 870 அளவிலும், ஒரே பூட்டன் பூட்டியின் வழிவந்த அதே தலைமுறையினரிடையே 230 அளவிலும் இருக்கும். உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை இவ்வெண் தோராயமாகச் சொல்லும். எந்தக் கிளையில் வந்த உறவு என்பதைச் சொல்லாது.

இக்குறையைத் தீர்க்கும் எளிய வழியொன்றை 2018ஆம் ஆண்டில் அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் டேனா லீட்ஸ் வகுத்தளித்தார். 90 முதல் 400 சென்டிமார்கன் வரை பொருந்துவோரை மட்டும் வரிசைப்படுத்துக. முதலாமவருக்கு ஒரு வண்ணம் தருக. அவருக்கும் நமக்கும் பொதுவாகப் பொருந்துவோர் அனைவருக்கும் அதே வண்ணம். வண்ணம் பெறாத அடுத்தவரிடம் புதிய வண்ணத்துடன் மீண்டும் தொடங்குக. முடிவில் பெரும்பாலும் நான்கு கொத்துகள் அமையும். அவை நம் பாட்டன்மார் பாட்டிமார் நால்வரின் கிளைகள். 400க்கு மேற்பட்டோரை விலக்குவதற்கும் காரணம் உண்டு. பெரியப்பா மகன் போன்ற நெருங்கிய உறவினர் ஒரே நேரத்தில் இரு கிளைகளுக்கு உரியவராதலால் கொத்துகளைக் கலக்கிவிடுவார்.

அதே ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த எவர்ட்-ஜான் புளோம் இப்பணியைக் கணினியே செய்யும் கருவியை வெளியிட்டார். 2019இல் மைஹெரிடேஜ் நிறுவனமும் அதை ஏற்றது. ஒருவருக்கொருவர் பொருந்துவோர் அதில் வண்ணச் சதுரங்களாகத் திரள்வர். இரு திரள்களுக்கிடையே தொடர்புடையோர் சாம்பல் நிறக் கட்டங்களாகத் தெரிவர். பெற்றோர் எவரென அறியாது தத்தெடுக்கப்பட்டோருக்கு இது பெருந்துணை. ஒரு கொத்தில் ஒருவரது குடும்ப மரம் தெரிந்தாலே போதும், மற்றவரைத் தேடும் திசை புலப்பட்டுவிடும்.

ஆனால், நம் சமூகத்தில் இக்கருவி தடுமாறும். மாமன் மகளையோ பெரியப்பா மகளையோ மணந்தவரின் பிள்ளைக்கு முப்பாட்டன் தலைமுறைக்குக் கீழுள்ள பூட்டன் பூட்டிமார் எண்மர் அல்லர், அறுவரே. தலைமுறைதோறும் இது நிகழ்ந்த குடும்பங்களில் நான்கு கொத்துகள் பிரியாமல் ஒரே பெருந்திரளாகக் குவியும். தூரத்து உறவினரும் நெருங்கியவராகத் தோற்றமளிப்பர். அங்கே மொத்த அளவைவிட மிக நீண்ட தனித் துண்டின் அளவையே நோக்க வேண்டும். குறைந்தபட்ச அளவையும் உயர்த்திப் பார்க்க வேண்டும். குடும்பத்தின் மூத்தவரைச் சோதிப்பது இன்னும் மேல். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் மூதாட்டிகளின் நினைவும் இல்லாமல் இத்திரள்களுக்குப் பெயரிட இயலாது என்பது நம் கருத்து. தரவுத்தளங்களில் உள்ளோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறத்தற்கில்லை.

இக்கொத்துகள் சில வேளைகளில் எவரும் எதிர்பாராத ஒரு தந்தையைச் சுட்டிவிடும். ஃபிக்ஹில் நஸபு திருமண உறவின் வழி நிலைநாட்டப்படுவதாகும். ஆய்வுக்கூடக் கணக்கு அதற்கு மாற்றாகாது. ஆயினும் அக்கணக்கு ஒரு வீட்டின் அமைதியைக் குலைக்கப் போதுமானது. ஒருவர் சோதனைக்குத் தரும் உமிழ்நீரில் அவருடைய உடன்பிறந்தாரின் மரபுக்கூறும் ஏறத்தாழப் பாதி அடங்கியிருப்பதால், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, வாடிக்கையாளர் பலர் தம் விவரங்களை அழிக்க விரைந்தனர்.