நாய் காணாமல் போனால்: துரத்தும் கால்கள் வேண்டாம், பார்க்கும் கண்கள் போதும்

தீபாவளி இரவு. தோட்ட லயத்தில் கடைசி வெடிச்சத்தம் அடங்க நள்ளிரவாகிவிடுகிறது. காலையில் கதவைத் திறந்தால், வாசலில் எப்போதும் சுருண்டு கிடக்கும் மணியைக் காணோம். சங்கிலி அறுந்து கிடக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். வீட்டுக்காரர் மோட்டாரை எடுத்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கத்தியபடி ஒவ்வொரு சாலையாகச் சுற்றுகிறார். மத்தியானம் வரை அலைந்தும் பலனில்லை.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இது பலருக்கும் பழக்கமான காட்சிதான். வெடிக்கும் இடிக்கும் மிரண்டு ஓடும் நாயைக் கண்டுபிடிப்பது அதிர்ஷ்டத்தை மட்டும் பொறுத்தது அல்ல. எங்கே தேடுவது, யாரிடம் சொல்வது, கண்டால் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்திருந்தால் வாய்ப்பு கூடும்.

அக்கம்பக்கம்தான் முதல் இடம்

அமெரிக்காவில் நாய், பூனை வளர்க்கும் 1,015 குடும்பங்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. தொலைந்த நாய்களில் 93 விழுக்காடு திரும்பக் கிடைத்தன. உரிமையாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அதாவது 49 விழுக்காட்டினர், அக்கம்பக்கத்தில் தேடியே நாயைக் கண்டுபிடித்தார்கள். கழுத்து அடையாளத் தகட்டாலோ மைக்ரோசிப்பாலோ கிடைத்தவை 15 விழுக்காடு.

அமெரிக்கக் குடியிருப்பும் நம் தோட்டமும் ஒன்றல்ல. ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். நாய் எங்கோ கிள்ளான் வரை போயிருக்கும் என்று எண்ணுவதற்கு முன், வீட்டைச் சுற்றிப் பாருங்கள். லயத்தின் அடிப்பக்கம், பழைய மாட்டுக் கொட்டகை, கோயில் பின்புறம், ஆள் இல்லாத வீடுகள், புதர் மூடிய வடிகால்கள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இருட்டில் உடல் தெரியாது, கண்கள் மின்னும்.

அண்மையில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ குடிபெயர்ந்தவர்கள் இன்னோர் இடத்தையும் மறக்கக் கூடாது: பழைய வீடு. நாம் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். நாய்க்கு அதுதான் இன்னும் வீடு. லயம் இடிக்கப்பட்டிருந்தாலும் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

கூப்பிட்டால் ஏன் வருவதில்லை?

"எஜமானர் குரல் கேட்டும் ஓடுகிறதே, நன்றி கெட்ட நாய்" என்று சிலர் சொல்வதுண்டு. அது நன்றி கெட்டதனம் அல்ல, பயம். மிரண்ட நாய்க்கு அந்த நேரத்தில் எல்லா மனிதரும் ஆபத்தாகவே தெரிவார்கள். பத்துப் பேர் கத்திக்கொண்டு வந்தால் அது இன்னும் தூரம் ஓடும். ஓடும் திசையில் கிள்ளான் – கோலசிலாங்கூர் – சபாக் பெர்ணம் நெடுஞ்சாலை இருந்தால், அங்கே லாரிகள் இருக்கின்றன.

கேட் அல்பிரெக்ட் என்ற அமெரிக்கப் பெண் காவல் துறையில் மோப்ப நாய்களைக் கையாண்டவர். 1997இல் அவருடைய மோப்ப நாயே காணாமல் போனது. வேறொரு மோப்ப நாயின் துணையோடு அதைக் கண்டுபிடித்தார். குற்றவாளிகளையும் காணாமல் போன மனிதர்களையும் தேடும் முறையில் வளர்ப்புப் பிராணிகளையும் ஏன் தேடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு அப்போது பிறந்தது. பிறகு அதையே தொழிலாக்கிப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். நாயின் சுபாவத்தைப் பொறுத்தே அது எவ்வளவு தூரம் போகும், யாரிடம் போகும் என்பது அமையும் என்பது அவர் வலியுறுத்தும் செய்தி.

எல்லாரிடமும் வாலை ஆட்டும் நாயை யாரோ ஒருவர் சோறு போட்டு வீட்டில் வைத்திருக்கலாம். ஆகவே மனிதர்களிடம் விசாரியுங்கள். கூச்ச சுபாவமுள்ள நாய் மனிதர் வராத இடத்தில் பதுங்கியிருக்கும். அதற்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

செம்பனைக்குள் தேடுவது

நம் வட்டாரத்தில் பதுங்கும் இடம் என்றாலே செம்பனைதான். மலேசியாவில் வர்த்தக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டதே 1917இல், இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கமுள்ள தென்னமரம் தோட்டத்தில். இன்று ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரங்கள். எல்லா வரிசையும் ஒரே மாதிரி. வரிசைகளுக்கு நடுவே வெட்டிப் போட்ட மட்டைக் குவியல்கள் இருக்கும். அதன் அடியில் நாய் படுத்திருந்தால் ஐந்தடி தூரத்தில் நடந்தாலும் தெரியாது.

கடலோரத் தோட்டங்களில் வடிகால்களும் அதிகம். கரை செங்குத்தாக இருந்தால் உள்ளே விழுந்த நாய் ஏற முடியாமல் தவிக்கும். மெல்லிய முனகல் கேட்கிறதா என்று நின்று கவனியுங்கள். உச்சி வெயிலில் நாய் நிழலில் அசையாமல் கிடக்கும். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அது நடமாடும் வேளை. தேடலையும் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் அலுவலகத்திலோ பாதுகாவலரிடமோ சொல்லுங்கள். எலிக்கு விஷக்கட்டி வைத்த இடங்களையும், காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைத்த இடங்களையும் அவர்களிடம் கேட்டு, முதலில் அங்கே பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். பூட்ஸ் அணியுங்கள். எலி உள்ள இடத்தில் நாகமும் உண்டு.

பெரட்டில் சொல்லுங்கள்

ஒரே பிளாக்கில் தினமும் குலை வெட்டுவதில்லை. ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு முறைதான் முறை திரும்ப வரும். ஆகவே இன்று எந்தப் பிளாக்கில் வெட்டு, எங்கே உதிரிப்பழம் பொறுக்குகிறார்கள், எங்கே மருந்தடிக்கிறார்கள் என்பதை மண்டோரிடம் கேளுங்கள். காலைப் பெரட்டில் நாயின் படத்தைக் காட்டி இரண்டு நிமிடம் பேசினால், அன்று முழுவதும் தோட்டத்தின் பல மூலைகளிலும் உங்களுக்காகக் கண்கள் இருக்கும்.

குலை ஏற்றும் லாரி ஓட்டுநர், ரொட்டிக்காரர், மீன் வேன்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், குப்பை லாரித் தொழிலாளர்கள் ஆகியோர் தினமும் ஒரே பாதையில் போய் வருபவர்கள். புதிய நாய் ஒன்று தென்பட்டால் முதலில் கவனிப்பவர்கள் அவர்களே. கோயில் பூசகரிடமும் சொல்லிவையுங்கள். அன்னதானம் நடக்கும் இடத்துக்குப் பசித்த நாய் வராமல் இருக்காது.

புலனக் குழுக்களிலும் முகநூலிலும் போடும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: தெளிவான ஒரு படம், கடைசியாகப் பார்த்த இடம், நாள், நேரம், தொலைபேசி எண். தேதி இல்லாத செய்தி மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். தமிழில் மட்டும் போடாமல் மலாயிலும் சீனத்திலும் போடுங்கள். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்குப் படமே போதும். ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் உள்ள மச்சமாகவோ காதில் உள்ள தழும்பாகவோ இருக்கலாம். "நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்பு" என்று யாராவது அழைத்தால், அதைக் கேட்டு உண்மையைத் தெரிந்துகொள்ளலாம்.

"பிடிக்க வேண்டாம், படம் எடுங்கள்"

செய்தியின் கடைசி வரி இதுவாகவே இருக்கட்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, முன்பு சொன்ன பயம். அறிமுகமில்லாதவர் பிடிக்கப் போனால் நாய் ஓடும், அல்லது கடிக்கும். இரண்டாவது, நம் மலாய் அண்டை வீட்டார். நாயைத் தொடுவது அவர்களுக்குச் சமய ரீதியில் சங்கடமானது. அதனால் பலர் கம்பத்தில் போய்க் கேட்கவே தயங்குகிறார்கள். பிடித்துத் தரச் சொன்னால்தான் சங்கடம். "பார்த்தால் ஒரு படம் எடுத்து, இடத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் யாருக்கும் சங்கடமில்லை. நெல்வயல் ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் விடியற்காலையில் நடமாடும் அவர்கள் பார்ப்பதை நாம் பார்க்க முடியாது.

ஊராட்சி எல்லையைக் கவனியுங்கள்

தெருநாய்களைப் பிடிப்பது ஊராட்சி மன்றங்களின் வேலை. பிடிபட்ட நாயை அவை நீண்ட காலம் வைத்திருப்பதில்லை. ஆகவே முதல் நாளே அழைத்துச் சொல்லுங்கள். படத்தோடு நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. தொலைபேசியில் "பழுப்பு நாய்" என்றால் அங்கே பத்து பழுப்பு நாய்கள் இருக்கும்.

நாய்க்கு ஊராட்சி எல்லை தெரியாது. கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால் போதாது. வடக்கே சபாக் பெர்ணம், பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால் உலு சிலாங்கூர், ராவாங் பக்கம் செலாயாங் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மன்றம் உண்டு. எல்லையோரத் தோட்டத்தில் இருப்பவர்கள் இரண்டு இடத்திலும் விசாரிக்க வேண்டும்.

கண்டுவிட்டால்

ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க மனம் துடிக்கும். செய்யாதீர்கள். வீட்டில் நாய்க்குப் பிடித்த ஒருவர் மட்டும் போகட்டும். நேராக முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கருவாடோ கோழியோ சிறிது தூவி, மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். அது தானாக நெருங்கி வர அரை மணி நேரமும் ஆகலாம். வராவிட்டால், கடைசியாகப் பார்த்த இடத்தில் துவைக்காத சட்டை ஒன்றையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, அதே நேரத்தில் மறுநாளும் போங்கள்.

தேடும்போது ஏதாவது நாய் கடித்துவிட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள். சிறு கீறல்தானே என்று விடக் கூடாது.

இன்றே செய்யக்கூடியது

நாய் வீட்டில் இருக்கும்போதே ஊராட்சி மன்றத்தில் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் எழுதிய தகடு மாட்டுங்கள். மைக்ரோசிப் பொருத்தலாம், ஆனால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி அல்ல. அரிசி அளவுள்ள அதில் ஓர் எண் மட்டுமே இருக்கும். கால்நடை மருத்துவரிடம் உள்ள கருவி அந்த எண்ணைப் படித்தால்தான் பலன். தொலைபேசி எண் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும். நாயின் இரு பக்கமும் தெரியும்படி கைப்பேசியில் இரண்டு படங்கள் வைத்திருங்கள். பெருநாள் இரவுகளில் அதை வீட்டுக்குள் கட்டுங்கள்.

ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று தேடலைக் கைவிட வேண்டாம். பத்தாம் நாள் அந்தப் பிளாக்கில் மறுபடி வெட்டுக்கு ஆள் இறங்குவார்கள். அன்றைக்கும் பெரட்டுக்குப் போய் அந்தப் படத்தை ஒரு முறை காட்டுங்கள்.