உறையும் வடக்கு, புழுங்கும் தெற்கு

2024 ஜனவரி முதல் வாரத்தில் வடக்கு ஸ்வீடனின் க்விக்யொக் பகுதியில் வெப்பநிலை மைனஸ் 43.6 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. கால் நூற்றாண்டில் அந்நாடு ஜனவரியில் கண்ட மிகக் கடுமையான குளிர் அது. அடுத்த இரு நாட்களில் பின்லாந்தின் எனோன்தெக்கியோவில் மைனஸ் 44.3 பதிவாயிற்று. அதே வாரம் இங்கிலாந்தை ஹெங்க் புயல் தாக்கியது. அங்கே கொட்டியது பனியல்ல, மழை. ஆறுகள் கரைபுரண்டு வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாதம் முடிவதற்குள் ஸ்பெயினின் வலென்சியா வட்டாரத்தில் உள்ள கவார்தாவில் வெயில் 30.7 டிகிரியைத் தொட்டது. ஐரோப்பாவில் குளிர் என்றோ வெப்பம் என்றோ ஒற்றை வரியில் செய்தி சொன்னால் அது பாதி உண்மையாகவே இருக்கும்.

இந்த முரண்பாட்டை உண்டாக்குவது தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம். துருவத்தின் குளிர்காற்றும் தெற்கின் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையில் அது ஓடுகிறது. நேராக ஓடும்போது அட்லாண்டிக்கின் மிதமான ஈரக்காற்று கண்டத்துக்குள் தடையின்றி வரும். குளிர்காலம் பெரிய கெடுபிடி இல்லாமல் கழியும். சில வேளைகளில் அது ஆற்றைப்போல் வளைந்து நெளிகிறது. வடக்கே வளையும் இடத்தில் வெப்பக்காற்று மேலேறும், தெற்கே வளையும் இடத்தில் ஆர்க்டிக் காற்று கீழிறங்கும். ஸ்வீடனில் பிறந்த கார்ல் குஸ்தாவ் ராஸ்பி 1939இல் விளக்கியதால் இவற்றுக்கு ராஸ்பி அலைகள் என்று பெயர்.

வளைவு நகர்ந்துகொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாளில் வானிலை மாறிவிடும். நகராமல் நின்றுவிட்டால்தான் சிக்கல். அப்போது உயர் காற்றழுத்த மண்டலம் ஒன்று வழிமறித்து உட்கார்ந்துகொள்ளும். வட அரைக்கோளத்தில் அதைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் சுழல்வதால், மேற்கு ஓரத்தில் தென்காற்றும் கிழக்கு ஓரத்தில் வடகாற்றும் வீசும். முன்னது பருவம் தவறிய வெப்பத்தையும் பின்னது கடுங்குளிரையும் கொண்டுவரும். மண்டலத்தின் மையம் சில நூறு கிலோமீட்டர் தள்ளி அமைந்தால் எந்த ஊர் உறையும், எந்த ஊர் உருகும் என்பதே மாறிவிடும்.

நீண்டகாலப் போக்கை அளக்க வானிலையாளர்கள் ஐஸ்லாந்தின் தாழ்வழுத்தத்தையும் அசோர்ஸ் தீவுகளின் உயரழுத்தத்தையும் ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் பெரிதானால் மேற்குக்காற்று வலுத்து வட ஐரோப்பா மிதமாக இருக்கும், மத்தியதரைக்கடல் பகுதி வறளும். வித்தியாசம் சுருங்கினால் வட ஐரோப்பா உறையும், கிரீன்லாந்து இதமாகும். டென்மார்க்கில் குளிர் மிகுந்தால் கிரீன்லாந்தில் குறைகிறது என்பதை அங்கிருந்த டேனிஷ் பாதிரியார் ஒருவர் 18ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்திருந்தார். இந்த ஊசலாட்டத்தைக் கணக்கில் பிடித்து 1920களில் பெயரிட்டவர், இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர். அவர் தேடியது இந்தியப் பருவமழையை முன்னறியும் வழியை. கைக்கு வந்தது ஐரோப்பியக் குளிரின் ஊசலும்கூட.

குளிரின் வேர் இன்னும் உயரத்திலும் இருக்கலாம். 2018 பிப்ரவரியில் துருவத்துக்கு மேலே அடுக்கு மண்டலம் திடீரெனச் சூடேறி, அங்கே சுழன்றுகொண்டிருந்த குளிர்காற்றுச் சுழல் இரண்டாகப் பிளந்தது. இரு வாரத்தில் சைபீரியக் காற்று மேற்கே பாய்ந்தது. பிரிட்டனின் நாளிதழ்கள் அதைக் கீழைத்திசைக் கொடுவிலங்கு என்றன. பிப்ரவரி 26 அன்று ரோம் நகரில் பனி படர்ந்தது. அந்த நாட்களில் கிரீன்லாந்தின் வடமுனையிலோ வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 பிப்ரவரி 26 அன்று, லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி. 2021இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம் ஒரே வாரத்தில் மைனஸ் 23.8இலிருந்து 18.1க்கு ஏறியது. ஏறத்தாழ 42 டிகிரி தாவல்!

நிலத்தின் அமைப்பும் இதில் கைவைக்கிறது. 2024 ஜனவரி 28 அன்று ஸ்காட்லாந்தின் ஆக்ஃபரியில் 19.9 டிகிரி பதிவானதற்கு, மலையைத் தாண்டி இறங்கும்போது அழுந்திச் சூடாகும் ஃபான் காற்றும் ஒரு காரணம். ஐரோப்பாவின் வடகோடியான லாப்லாந்திலோ சூரியன் எட்டிப்பார்க்காத நாட்களில், காற்றசைவற்ற தெளிந்த இரவுகளில், கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்குகளில் தேங்கிவிடுகிறது.

பருவம் தவறிய வெப்பத்தை விடுமுறைபோலக் கொண்டாடத் தோன்றும். செடிகளுக்கு அது பொறி. 2021 மார்ச் இறுதியில் பிரான்ஸில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் நிலவ, திராட்சைக் கொடிகளும் பழமரங்களும் முந்தியே துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. விவசாயிகள் இரவெல்லாம் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான மெழுகு விளக்குகளை எரித்தும் பல இடங்களில் துளிர்கள் கருகின. புவி வெப்பமாவதால் இத்தகைய உறைபனியின் கடுமை சற்றே தணிந்திருக்கிறது. ஆனால் துளிர் அதைவிட வேகமாக முந்திக்கொள்கிறது. அதனால் வளர்பருவத்தில் உறைபனி தாக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடியிருப்பதாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. துளிர்ப்பைத் தள்ளிப்போடுவதற்காகக் கவாத்து செய்வதைக் குளிர்காலக் கடைசிவரை ஒத்திவைப்பது இப்போது திராட்சைத் தோட்டக்காரர்கள் கையாளும் வழிகளில் ஒன்று.